பூஜைக்குக் கழுவிய ஓவன்

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஜெயசீலனின் போன் ஓயாது. கிருமாம்பாக்கத்திலிருந்து வில்லியனூர் வரைக்கும் எத்தனை பேக்கரி, எத்தனை ஓட்டல் உண்டோ அத்தனையிலிருந்தும் ஒரே புகார்தான் வரும். "சுவிட்ச போட்டா வுழுதுபா." காரணமும் வருஷா வருஷம் ஒன்றுதான். இந்தப் பக்கத்து முதலாளிகளில் முக்கால்வாசிப் பேர் நேற்றுவரை நெல்லும் கரும்பும் போட்டவர்கள். மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துப் பழகிய கை, மாட்டை விற்று மிஷின் வாங்கிய பிறகு மட்டும் சும்மா இருக்குமா? ஓவனுக்கு ஓஸ் பிடித்துக் குளிப்பாட்டுவார்கள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, ஒருநாள் முழுக்க ஓய்வு கொடுப்பார்கள். நல்லது செய்கிறோம் என்ற முழு மனசோடு அதன் வயிற்றில் தண்ணீரை இறக்கிவிட்டு, மறுநாள் ஜெயசீலனைக் கூப்பிடுவார்கள்.

கழுவாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று அவனும் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டான். சரி சரி என்று தலையாட்டுவார்கள். அடுத்த வருஷம் ஓஸ் இன்னும் கொஞ்சம் நீளமாக வாங்கியிருப்பார்கள்.

தண்ணீர் பட்டால் கரண்ட் ஓவனுக்கு என்ன ஆகும் என்பது அவனைப்போல அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சேதராப்பட்டில் ஹீட்டர் ராடு செய்கிற ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன். இரும்புக் குழாய்க்குள் சுருள் கம்பியை வைத்து, கம்பி குழாயில் படாமலிருக்கச் சுற்றிலும் வெள்ளைப் பொடியை இறுக்கி அடைப்பதுதான் அவன் வேலை. அந்தப் பொடி மழைக்காலத்து உப்பு மாதிரி. வாய்ப்பு கிடைத்தால் ஈரத்தைக் குடித்துவிடும். குடித்துவிட்டால் கம்பியில் ஓடும் கரண்ட் பொடி வழியாகக் குழாய்க்கும், குழாயிலிருந்து ஓவனின் உடம்புக்கும் கசியும். கசிந்த கரண்ட்டைப் பத்திரமாகத் தரைக்குள் கொண்டுபோய் விடத்தான் பச்சை வயர் இருக்கிறது. அப்படிப் போகிறது என்று தெரிந்தவுடனே டிரிப் சுவிட்ச் விழுந்துவிடும். சுவிட்ச் விழுகிறதென்றால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். இதைப் புரியவைப்பதற்குள் அவனுக்குப் பாதி முடி நரைத்துவிட்டது.

கம்பெனி மூடிய பிறகு கரண்ட் கசிவை அளக்கிற ஒரு பழைய மெகர் மீட்டரை வாங்கிக்கொண்டு சொந்தமாக ஓவன் ரிப்பேரில் இறங்கினான். அவன் வேலை செய்வதைப் பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். பின்பக்கத்துத் தகட்டைக் கழற்றுவான். ஒவ்வொரு ராடாக வயரைப் பிரித்து, மீட்டரின் ஒரு முனையை ராடிலும் மறுமுனையை ஓவன் உடம்பிலும் வைத்து, முள் எங்கே நிற்கிறதென்று பார்த்துத் தகட்டிலேயே சாக்பீஸால் எழுதுவான். எல்லாம் முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அவன் வாயிலிருந்து வருகிற பதில் இதுவரை தப்பியதில்லை. இந்த வருஷம் வரைக்கும் அவன் பொய்யும் சொன்னதில்லை.

பாகூர் போகும் வழியில் சிவப்பிரகாசத்தின் பேக்கரி இருக்கிறது. கரும்பு போட்டு அலுத்துப்போய், ஒரு துண்டு நிலத்தை விற்றுத் தொடங்கியது. பன், ரஸ்க், தீபாவளி வந்தால் கேக்கும் பிஸ்கெட்டும். வேலை செய்கிற பதினான்கு பேரும் பெண்கள். ஓவன் பக்கம் நிற்பது ஸ்டெல்லா, ஜெயசீலனின் மனைவி. ஒன்பது வருஷமாக அவள்தான் நிற்கிறாள். எந்தத் தட்டு எந்த மூலையில் முதலில் சிவக்கும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். ஊரில் அவளை ஜெயசீலன் பெண்சாதி என்று சொல்வது போய், அவனைத்தான் ஓவன்கார ஸ்டெல்லா புருஷன் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை, கொஞ்சம் சந்தோஷம்கூட.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் அந்த பேக்கரியிலிருந்தே போன் வந்தது. அவன் போய் இறங்கியபோது ஸ்டெல்லா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"உள்ள போய்ப் பாரு, எப்படி மின்னுதுன்னு. ரெண்டு மணி நேரம் நானே தேச்சேன். சோப்புத்தூளு போட்டு, முதுகுப் பக்கங்கூட வுடல."

முதுகுப் பக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் நேராக ஓவனின் பின்னால் போனான். வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக ராடு, ஈரம், கசிவு என்று பேசிக்கொண்டிருந்தவன், ஊருக்கெல்லாம் கழுவாதே என்று சொன்னவன், சொந்தப் பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டான். அவளோ, அவன் பேச்சை ரேடியோ மாதிரி ஓடவிட்டு வேலை பார்த்துப் பழகியவள்.

தகட்டைக் கழற்றினான். ராடுகளின் நுனிகளில் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் கைக்குட்டையால் துடைத்தான். பன்னிரண்டு ராடில் மூன்று போயே போய்விட்டன, நான்கு அரைகுறை. சாக்பீஸால் ஒரு முறைக்கு இரண்டு முறை எழுதிக்கொண்டிருந்தான், நேரத்தை இழுக்கத்தான்.

"இன்னா சீலா, இன்னா சொல்லுது உன் மீட்டரு?" சிவப்பிரகாசம் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஸ்டெல்லா, முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்போடு.

போன வருஷம் மாவு பிசைகிற மிஷினின் சட்டியைக் கீழே போட்டுச் சப்பையாக்கிய பெண்ணை, கையைக்கூடக் கழுவவிடாமல் வீட்டுக்கு அனுப்பியவர் சிவப்பிரகாசம். தண்ணீர் என்று சொன்னால் அடுத்த கேள்வி யார் கழுவினது என்பதுதான். ஜெயசீலன் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தான்.

"வயசாயிடுச்சி சார். ராடு பழசு. தானாவே போயிருக்குது."

அந்த ஒரு பொய்க்குள் அவன் என்னென்னவற்றை வைத்துப் பூட்டிவிட்டான் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஈரம் என்று சொல்லியிருந்தால், கழற்றி இரண்டு நாள் காயவைத்தால் பாதி தேறும் என்று சொல்லியிருக்கலாம். வயசு காயவைத்தால் போகிற வியாதி இல்லையே.

"புது ராடு மெட்ராஸ்லேந்து வரணும். நாலு நாள் ஆவும்" என்றான்.

"நாலு நாளா? தீபாவளி ஆர்டர கையில வச்சிக்கினு நாலு நாளு நான் இன்னா பண்றது? வயசானா இன்னாபா, எனக்குந்தான் வயசாச்சி. நான் ஓடிக்கினு இல்ல?" என்று சிவப்பிரகாசம் சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள். ஜெயசீலனும் சிரித்துவைத்தான்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டெல்லா வேலை முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "ஓவன் ஓடுது. வயரிங் வேல செய்வானே தமிழ்க்குமரன், அவன் வந்தான். பத்தே நிமிசம். இப்ப சுவிட்ச் வுழவே இல்ல."

"இன்னா பண்ணான்?"

"எனக்கு இன்னா தெரியும். பின்னால போயி எதையோ பண்ணான்."

சரி செய்யாமலேயே சுவிட்சை விழாமல் வைக்க ஒரு வழி உண்டு. அது பத்து நிமிஷ வேலைகூட இல்லை.

காலையில் அவளை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு அவனும் போனான். ஓவன் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கேக் தட்டுகள். பின்பக்கம் குனிந்து பார்த்தான். பச்சை வயர் பிடுங்கப்பட்டு, நுனியில் அழகாக டேப் சுற்றி, சுவரோரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒழுங்கான வேலை, தமிழ்க்குமரன் எதையும் சுத்தமாகச் செய்பவன். ராடு கசிந்துகொண்டேதான் இருக்கிறது. கசிந்தது போவதற்கு வழியில்லாமல் ஓவனின் உடம்பு முழுக்க நின்றுகொண்டிருக்கிறது. வழி கொடுக்க யாராவது கை வைத்தால் அவர் வழியாக இறங்கும். அது ஓவனுக்குப் போடுகிற பெரிய வகை சுவிட்ச். ஓர் ஆளைப் பிடிக்கிற அளவு கசிவுக்கெல்லாம் அது விழவேண்டும் என்று கட்டாயமில்லை.

அவன் யாரிடமும் கேட்கவில்லை. மெயினை அணைத்தான், டேப்பைப் பிரித்தான், வயரை அதன் இடத்தில் முடுக்கினான், மெயினைப் போட்டான். டப்பென்று சுவிட்ச் விழுந்தது. மறுபடி போட்டான், மறுபடி விழுந்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று அவன் நிமிர்ந்தால், பதினான்கு பெண்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓவனுக்குள் பாதி வெந்த கேக்கெல்லாம் நடுவில் குழிந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

"நேத்து முழுக்க ஓடுச்சி" என்றார் சிவப்பிரகாசம். குரலை உயர்த்தவில்லை. "நீ கை வச்சதும் வுழுது."

"சார், பச்ச வயர எடுத்துட்டான் சார். அதான் வுழல. அது இல்லாம ஓடுற ஓவன தொட்டா ஆளயே புடிக்கும்."

"நேத்துலேந்து இதுங்க எல்லாம் தொட்டுக்கினுதான் இருக்குதுங்க. யார புடிச்சிது?"

"செருப்பு போட்டுக்கினு நிக்கிறாங்க சார். தரை காஞ்சி இருக்குது. ஒருநாள் ஈரமா இருந்தா போதும். சார், அது வயசாயி போன ராடு இல்ல. தண்ணி பூந்துடுச்சி. பூஜைக்குக் கழுவுனதுல பூந்தது. நான்தான் அன்னிக்கி மாத்திச் சொன்னேன்."

சொல்லிவிட்டான். அந்த இடத்தில் ஓவனைக் கழுவியது யார் என்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. எல்லாத் தலைகளும் ஒருசேர ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பின.

சிவப்பிரகாசத்தைக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் ஜெயசீலனின் அப்பா மூச்சு முட்டிக் கிடந்தபோது காரை எடுத்துக்கொண்டு தானே ஓட்டிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர். அந்த அப்பா நாற்பது வருஷம் அவர்கள் குடும்பத்துக் கரும்பை வெட்டியவர். ஒரு தடவைக்கு மேல் எதிர்த்துச் சொல்கிற பழக்கம் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் எப்போதும் இருந்ததில்லை.

"முந்தாநேத்து வயசுன்ன. இன்னிக்கி தண்ணின்ற. நாளைக்கி இன்னா சொல்லுவ? உனக்குப் போட்டியா ஒருத்தன் வந்து சரி பண்ணிட்டான்னு வயித்தெரிச்சல்ல கட்டுன பொண்டாட்டி மேலயே பழிய போடுற. நல்லா இல்ல சீலா."

போன் போட்டார். தமிழ்க்குமரன் வந்து, "டெம்பரரிதாண்ணா, தீபாவளி முடிஞ்சதும் நீங்களே மாத்திடுங்க" என்று ஜெயசீலனிடம் பணிவாகச் சொல்லிக்கொண்டே பச்சை வயரைத் திரும்பப் பிடுங்கினான். அவனுக்கும் விஷயம் தெரியும். தெரிந்தவன் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான் இல்லையா, அவன் கீழேயே பார்த்தான்.

ஓவன் மறுபடி ஓடியது. அப்போது ஸ்டெல்லா நேராக நடந்து வந்தாள். புருஷனைப் பார்த்துக்கொண்டே, கைத்துணியைத் தோளில் போட்டுவிட்டு, வெறுங்கையால் ஓவனின் பக்கத்துத் தகட்டைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமல் நின்றாள்.

ஒன்றும் ஆகவில்லை.

"வேலய பாருங்கடி" என்று அவள் மற்றவர்களிடம் சொன்னாள். பெண்கள் மாவுப் பக்கம் திரும்பினார்கள். அவன் மட்டும் அங்கே நின்றான். மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, சொன்னதெல்லாம் உண்மையாக இருந்தும் பொய்யனாக நின்றான். அவள் கை பிழைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, இனிமேல் யாரும் தன்னை நம்பமாட்டார்கள் என்று அழுவதா என்று தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டில் அவள் தானாகப் பேசினது ஒரே ஒரு தடவை. "அன்னிக்கே தண்ணின்னு சொல்லியிருந்தா, நானே ஒத்துக்கினு இருப்பேன். வேல போனா போயிருக்கும், அவ்ளோதானே. காப்பாத்துறேன்னு பொய் சொல்லிட்டு, அப்புறம் ஊர கூட்டி வச்சிக் காட்டிக் குடுத்துட்ட."

"தப்புதான். நாளைலேந்து போவாத ஸ்டெல்லா."

"நான் போவலன்னா அந்த எடத்துல மாவு பிசையிற அமுதம் நிப்பா. அவ செருப்புகூட போடமாட்டா. அவள வுட்டுட்டு நான் வூட்ல குந்திக்கினு இருக்கவா?"

ராத்திரியெல்லாம் ஒரு வழி தேடியும் கிடைக்கவில்லை. புகார் எழுதிக் கொடுக்கலாம், பேக்கரியை மூடுவார்கள், தீபாவளிக்கு முன்னால் பதினான்கு வீட்டிலும் அவன் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள், முதல் திட்டு சொந்த வீட்டில் விழும். சொல்லாமல் போய் மறுபடி வயரைச் சேர்க்கலாம். அடுத்த பத்து நிமிஷத்தில் மறுபடி பிடுங்கப்படும். ராடு நான்காம் நாள் சொன்னபடி மெட்ராஸிலிருந்து வந்து சேர்ந்தது. பேக்கரி வாசல்வரை தூக்கிக்கொண்டு போனான். "ஓட்டத்துல இருக்கிறத நிறுத்தச் சொல்ற பாத்தியா" என்றார் சிவப்பிரகாசம், இந்தத் தடவை கொஞ்சம் கனிவாகவே. "தீபாவளி முடியட்டும். நீதான் மாத்துற, வேற யாரையும் கூப்பிடமாட்டேன்." ராடு திரும்ப வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. பாகூர் ரோடெல்லாம் தண்ணீர். காலையில் ஸ்டெல்லா குடையை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்குப் போவாள். பஸ்ஸில் நனைந்த புடவை, வாசலில் நனைந்த சாக்கு, பேக்கரிக்குள் பதினான்கு பேரின் நனைந்த கால். அவன் ஒவ்வோர் ஊரிலும் யாருடைய ஓவனையோ பார்த்துக்கொண்டிருப்பான், மனசு மட்டும் அந்த ஈரத் தரையில் நிற்கும். போன் அடித்தால் முதலில் பேக்கரி நம்பரா என்று பார்ப்பான். சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால்தான் மூச்சு விடுவான். அவள் உள்ளே வந்து, "இன்னிக்கும் ஒண்ணும் ஆவல" என்பாள். அதைச் சொல்வதற்காகவே வேலைக்குப் போய்வருகிறவள் மாதிரி சொல்வாள்.

மழை தொடங்கி மூன்றாம் நாள் வில்லியனூரில் ஒரு ஓட்டல் சமையல்கட்டில் வேலை. பையைத் திறந்து ரப்பர் கையுறையைத் தேடினான். கரண்ட் வேலைக்குப் போடுகிற தடித்த கையுறை. இல்லை. எங்கேயாவது விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு வேலையை முடித்தான். வீட்டுக்கு வந்தால் ஸ்டெல்லா குளித்துக்கொண்டிருந்தாள். ஆணியில் மாட்டியிருந்த அவள் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாப்பாட்டு டப்பாவை எடுத்து வெளியே வைக்கலாம் என்று கையை விட்டான். டப்பாவுக்கு அடியில் கையுறை இருந்தது. விரல் இடுக்கெல்லாம் மைதா மாவு அப்பியிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஓவன் பக்கம் நிற்கிறவர்கள் துணிதான் பிடிப்பார்கள், ரப்பரை யாரும் தொடமாட்டார்கள், சூட்டில் இளகிவிடும். அவள் ரப்பரை எடுத்துப் போயிருக்கிறாள் என்றால் ஒரு காரணம்தான் உண்டு. அவளைப் பிடித்திருக்கிறது. லேசாகத்தான் பிடித்திருக்கும், சுரீர் என்று விட்டிருக்கும். ஒருமுறையா, தினமுமா? பிடித்ததை யாரிடமும் சொல்லாமல், சாயங்காலம் வந்து ஒண்ணும் ஆவல என்று சொல்லியிருக்கிறாள். கையுறையை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தான். வலது கட்டைவிரலுக்குக் கீழே ரப்பர் இளகி, நூல் மாதிரி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. வாய் வழியாகக் காற்றை ஊதி இறுக்கினான். வெடிப்பு வழியாகக் காற்று அவன் கன்னத்தில் பட்டது.

குளித்துவிட்டு வந்தவள், அவன் கையில் இருந்ததைப் பார்த்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் தோளில் வழிந்தது.

"தட்டு சூடா இருக்குதுன்னு எடுத்துக்கினு போனேன்" என்றாள்.

உனக்கு எத்தனை தடவை அடித்தது என்று கேட்கலாம். கேட்டால் ஒரு தடவையும் இல்லை என்பாள். அதை நிரூபிக்க நாளைக்கு வெறுங்கையோடு போவாள். அந்த முகம் அவனுக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். எந்த ராடு எங்கே கசிகிறது, எந்த விரலுக்கடியில் ரப்பர் விட்டிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தவன், அவளை நிறுத்துகிற ஒரு வார்த்தை தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"எடுத்துக்கோ" என்றான். "சூட்டுக்கு அது நல்லதுதான். இது பழசாயிடுச்சி, வேற வாங்கித் தரேன்."

அவள் சரி என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தலை துவட்டினாள். ரொம்ப நேரம் துவட்டினாள்.

மறுநாள் கடை திறக்கிற நேரத்துக்கே புதுச்சேரிக்குப் போய்விட்டான். அந்தச் சூட்டில் ஒரு ஜோடி இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. தீபாவளிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. ஆறு ஜோடி வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னான்.